உஷார்! "தலைவரை யார் வீழ்த்துவார்?" என்ற கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள்

குளுவாங் வட்டாரத்து வாக்காளர்களே, இதைத் தேர்தல் தேதி அறிவித்த பிறகு படித்துப் பயனில்லை. இப்போதே படியுங்கள், வீட்டில் ஓட்டுரிமை உள்ள பிள்ளைகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

நடப்பு நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19-ஆம் தேதி முதன்முதலாகக் கூடியது. ஐந்தாண்டுத் தவணை முடிந்தால் அது தானாகவே கலையும். அதிலிருந்து 60 நாளுக்குள் தீபகற்பத்தில் தேர்தல் நடந்தாக வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் 2028 பிப்ரவரியைத் தாண்டாது. அதற்கு வெகு முன்பே வந்தாலும் வரலாம். தேர்தல் வாடை அடித்துவிட்டால், கட்சித் தலைவர் ஒருவர் நிற்கும் தொகுதியில் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான்: "இந்த முறை இவரைச் சாய்க்க யாரால் முடியும்?"

கேள்வியில் தவறில்லை. ஆட்சியில் இருப்பவரை மாற்ற வேண்டும் என்று நினைப்பது வாக்காளரின் உரிமை. அவரே தொடர வேண்டும் என்று நினைப்பதும் உரிமைதான். ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், அந்தக் கேள்விக்கு நாம் பதில் தேடும் முறையில் இருக்கிறது. ஆதாரமில்லாத பேச்சை நம்பி ஒரு தரப்பு ஒருவருக்கும் மறு தரப்பு இன்னொருவருக்கும் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் பழைய தலைவரே வென்ற செய்தியைப் படித்த தொகுதிகள் இந்த நாட்டில் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது.

பக்கத்துத் தொகுதியில் 303 ஓட்டு

ஆயர் ஹீத்தாம் குளுவாங்கிலிருந்து காரில் அரை மணி நேரம். 2018 பொதுத் தேர்தலில் அங்கே மசீசவின் வீ கா சியோங் நின்றார். அவரை எதிர்த்து ஜசெக அனுப்பியவர் யார் தெரியுமா? 2013-இல் நாம் தேர்ந்தெடுத்த குளுவாங் நாடாளுமன்ற உறுப்பினர் லியு சின் தோங். பாதுகாப்பான தொகுதியை விட்டுவிட்டு, ஒரு பெரிய தலைவரை வீழ்த்துவதற்காகவே அவர் அங்கே போனார். பாஸ் கட்சியும் மூன்றாவதாக ஒருவரை நிறுத்தியது.

முடிவைப் பாருங்கள். வீ கா சியோங் 17,076. லியு சின் தோங் 16,773. பாஸ் வேட்பாளர் 4,975. பெரும்பான்மை வெறும் 303.

நாடு முழுவதும் தேசிய முன்னணி சரிந்த ஆண்டு அது. அந்தத் தேர்தலில் மசீசவுக்கு மிஞ்சிய ஒரே நாடாளுமன்றத் தொகுதி ஆயர் ஹீத்தாம். அதே ஆண்டு நவம்பரில் வீ கா சியோங் மசீசவின் தேசியத் தலைவரானார். 2022-இல் தலைவராகவே திரும்ப நின்றார். அவரை எதிர்த்துப் பக்காத்தான் ஹராப்பான் சார்பில் ஒருவர், பெரிக்காத்தான் நேஷனல் சார்பில் ஒருவர். மீண்டும் மூன்று முனை. மீண்டும் அவரே வென்றார்.

இதை அவருடைய குறையாகச் சொல்லவில்லை. விதிப்படி நின்றார், விதிப்படி வென்றார். ஆனால் மாற்றம் வேண்டும் என்று நினைத்த வாக்காளர்கள் 303 என்ற எண்ணை மறக்கக் கூடாது. ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வருபவர்களை விடச் சற்றே பெரிய கூட்டம்தான் அது.

மூவாரிலும் பாகான் டத்தோவிலும்

2022 பொதுத் தேர்தலில் ஜோகூரில் மட்டும் மூன்று கட்சித் தலைவர்கள் நின்றார்கள். பாகோவில் பெர்சத்து தலைவர் முகிடின் யாசின், ஆயர் ஹீத்தாமில் மசீச தலைவர் வீ கா சியோங், மூவாரில் அப்போதைய மூடா தலைவர் சைட் சாடிக். மூவருக்கும் எதிரில் இரண்டு பெரிய தரப்புகள் தனித்தனியாக நின்றன. மூவருமே வென்றார்கள்.

பாகோவில் முகிடினின் பெரும்பான்மை 10,000-ஐத் தாண்டியது. அங்கே ஓட்டுச் சிதறல் பெரிய காரணம் என்று சொல்ல முடியாது. மூவார் கதை வேறு. சைட் சாடிக் பெற்றது 19,961. பெரிக்காத்தான் வேட்பாளர் 18,616. தேசிய முன்னணி வேட்பாளர் 15,503. எதிரணி இரண்டுக்கும் விழுந்தது மொத்தம் 34,119 ஓட்டு. ஆனால் 1,345 ஓட்டு வித்தியாசத்தில் வென்றவர் 19,961 பெற்றவர்.

பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோவில் இது இன்னும் நெருக்கமாக நடந்தது. அம்னோ தலைவர் அகமட் ஸாஹிட் ஹமிடி பெற்றது 16,578. பக்காத்தானின் சம்சுல் இஸ்கண்டார் 16,230. பெரிக்காத்தான் வேட்பாளர் 10,417. பெரும்பான்மை 348. தோட்டத் தமிழர்கள் கணிசமாக உள்ள தொகுதி அது. பதிவான ஓட்டில் நூற்றுக்கு 40 கூடப் பெறாமல் ஒரு கட்சித் தலைவர் வென்றார். சில வாரங்களில் நாட்டின் துணைப் பிரதமரும் ஆனார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எதிர் ஓட்டுகளைக் கூட்டிப் பார்த்து, "இருவரும் ஒன்றாக நின்றிருந்தால் ஜெயித்திருக்கலாம்" என்று முடிவு கட்டாதீர்கள். பாஸுக்குப் போட்டவர் ஜசெகவுக்குப் போடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெரிக்காத்தானுக்குப் போட்டவருக்கு இரண்டாவது தேர்வாகப் பக்காத்தானை விட அம்னோ பிடித்திருக்கலாம். ஓட்டு என்பது மனித மனம். உண்மையில் யாருடைய ஓட்டு யாரிடம் நகரும் என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

தலைவர்கள் விழுந்தது எப்படி

தலைவர்கள் விழவே மாட்டார்கள் என்பதல்ல. நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது சுங்கை சிப்புட். 1974 முதல் அங்கே நாடாளுமன்ற உறுப்பினர், 1979 முதல் மஇகாவின் தேசியத் தலைவர் சாமிவேலு. அவரை எதிர்த்து மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் 1999-இல் நின்றார், தோற்றார். 2004-இல் நின்றார், மீண்டும் தோற்றார். 2008-இல் பிகேஆர் சின்னத்தில் நின்று 16,458 ஓட்டுகள் பெற்றார், சாமிவேலுவுக்கு 14,637. முப்பத்து நான்கு ஆண்டு 1,821 ஓட்டில் முடிந்தது. அந்த வெற்றி ஒரே அலையில் வந்ததல்ல. தோற்ற இரண்டு தேர்தலுக்கும் இடையில் தொகுதியை விட்டுப் போகாமல் தோட்டத் தொழிலாளர், நிலமற்ற குடியானவர், வீடிழந்தவர் பிரச்சினைகளில் கூடவே நின்றதால் வந்தது. 2007 நவம்பரில் இந்தியர் உரிமைக்காக நடந்த இண்ட்ராஃப் பேரணி எழுப்பிய கொந்தளிப்பு அதற்குக் காற்றாக வீசியது. மாற்றம் வேண்டியவர்களின் ஓட்டு ஒரே பெயரில் குவிந்தது.

அதே ஜெயகுமார் 2018-இல் தம் சொந்தக் கட்சிச் சின்னத்தில் அதே தொகுதியில் நின்றபோது கிடைத்தது 1,505 ஓட்டு. வைப்புத் தொகையும் போனது. பிகேஆரின் கேசவன் வென்றார். ஜெயகுமார் மீதிருந்த மரியாதை குறைந்துவிடவில்லை. எந்தச் சின்னத்துக்குப் போட்டால் ஓட்டு வீணாகாது என்று அந்தத் தொகுதி மக்கள் தீர்க்கமாகக் கணக்குப் போட்டார்கள். 2022-இல் மஇகா தேசியத் தலைவர் விக்னேஸ்வரன் அங்கே நின்றபோதும் கேசவனே வென்றார்.

இரண்டாவது உதாரணம் நம் மாநிலத்திலேயே, சிகாமட்டில். மஇகா தேசியத் தலைவரும் சுகாதார அமைச்சருமாக இருந்த டாக்டர் சுப்பிரமணியம் 2018-இல் பிகேஆரின் எட்மண்ட் சந்தாராவிடம் 5,476 ஓட்டில் தோற்றார். பாஸ் வேட்பாளரும் களத்தில் இருந்தார். ஆனாலும் மாற்றம் விரும்பியவர்களில் பெரும்பாலோர் ஒரே பக்கம் சாய்ந்ததால் மூன்றாவது ஆளால் முடிவைப் புரட்ட முடியவில்லை.

வீழ்த்தியவர் பிறகு எங்கே நின்றார்?

சிகாமட் கதை அங்கே முடியவில்லை. உஷாராக இருக்க வேண்டிய இடமும் இதுதான். 2020 பிப்ரவரியில் பக்காத்தான் ஆட்சியைக் கவிழ்த்த ஷெரட்டன் நகர்வு நடந்தபோது, எந்தக் கூட்டணியின் பெயரால் வென்றாரோ அதிலிருந்து எட்மண்ட் சந்தாரா விலகினார். மார்ச்சில் அமைந்த பெரிக்காத்தான் அரசாங்கத்தில் துணையமைச்சரானார். தலைவரை வீழ்த்தப் போட்ட ஓட்டு, அந்த வாக்காளர்கள் எதிர்த்த அணிகளும் இடம்பெற்ற அரசாங்கத்துக்குப் பலமாகிவிட்டது.

"கட்சித் தாவலுக்குத்தான் சட்டம் வந்துவிட்டதே" என்பீர்கள். வந்தது, 2022 அக்டோபர் 5-ஆம் தேதி முதல் நடப்பில் இருக்கிறது. தானாகக் கட்சியை விட்டு விலகினால் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி போகும். ஆனால் கட்சி ஒருவரை நீக்கினால் அவர் பதவி போகாது. கட்சியை விட்டு விலகாமலேயே எதிரணிப் பிரதமருக்கு ஆதரவு தெரிவிக்கவும் வழி இருக்கிறது: பெர்சத்துவின் ஆறு உறுப்பினர்கள் அப்படித்தான் ஆதரவு தந்தார்கள், அவர்களின் தொகுதி காலியாகவில்லை என்று 2024-இல் மக்களவைத் தலைவர் முடிவு சொன்னார்.

ஆகவே "யாரால் வீழ்த்த முடியும்?" என்பது பாதிக் கேள்விதான். "வென்ற பிறகு எந்த வரிசையில் உட்கார்வார்?" என்பது மீதிப் பாதி. இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதற்கு மட்டும் ஓட்டுப் போடுவது, கையெழுத்து மட்டும் போட்டு வெற்றுக் காசோலையை நீட்டுவதற்குச் சமம்.

இலங்கைத் தமிழர் கற்ற பாடம்

ஆட்சியில் இருப்பவரை எதிர்த்து எவரை ஆதரிப்பது என்ற கேள்வியில் நம்மை விடக் கடுமையாக அடிபட்டவர்கள் இலங்கைத் தமிழர்கள். 2005 அதிபர் தேர்தலில் புறக்கணிப்பு அழைப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓட்டுப் பதிவு 2 விழுக்காட்டைக் கூட எட்டவில்லை. மகிந்த ராஜபக்ச ஏறக்குறைய 180,000 ஓட்டில் வென்றார். அதன் பிறகு நடந்ததை உலகறியும்.

2015 ஜனவரி 8-இல் எதிரணிகள் மைத்திரிபால சிறிசேனவை ஒரே பொது வேட்பாளராக நிறுத்தின. வடக்கும் கிழக்கும் திரண்டு போட்டன. பதவியில் இருந்த அதிபர் 47.58 விழுக்காட்டோடு வீழ்ந்தார், சிறிசேன 51.28. அவர் பிறகு எப்படி நடந்துகொண்டார் என்பது தனிக் கசப்பு. 2018 அக்டோபரில் அதே ராஜபக்சவைப் பிரதமராக நியமித்தவர் அவர்தான்.

2024 செப்டம்பரில் பதவியிலிருந்த ரணில் விக்கிரமசிங்க மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அநுர குமார திசாநாயக்க வென்றார். தமிழர் ஓட்டோ சஜித் பிரேமதாச, ரணில், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன், அநுர என்று நான்கு பக்கம் பிரிந்தது. ஆனாலும் ஒரு வசதி அவர்களுக்கு இருக்கிறது: வாக்குச்சீட்டில் முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பத்தைக் குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் இரண்டாவது விருப்பம் எண்ணப்படும். 2024-இல் முதன்முறையாக அப்படித்தான் எண்ணினார்கள்.

மலேசிய வாக்குச்சீட்டில் நமக்கு அந்த வசதி கிடையாது. ஒரே ஒரு பெருக்கல் குறி. அதிக ஓட்டு பெற்றவர் வென்றார், அவ்வளவுதான். மனத்துக்குப் பிடித்தவருக்கு முதல் விருப்பம், வெல்லக்கூடியவருக்கு இரண்டாவது விருப்பம் என்று இங்கே பிரித்துப் போட முடியாது.

குளுவாங்கில் எதிர்க்கட்சி எது?

இங்கே இன்னொரு குழப்பம். கோலாலம்பூரில் தேசிய முன்னணியும் பக்காத்தானும் 2022 நவம்பர் முதல் ஒற்றுமை அரசாங்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. ஜோகூரிலோ 2022 மார்ச் 12 சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகு தேசிய முன்னணி தனித்து ஆட்சி அமைத்தது. பக்காத்தான் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. நாடாளுமன்றத்துக்கு நண்பர், சட்டமன்றத்துக்கு எதிரி. "எதிர்க்கட்சிக்குப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், எந்தத் தேர்தலுக்கு, எந்த எதிர்க்கட்சிக்கு என்று கேளுங்கள்.

நம் மக்கோத்தா சட்டமன்றத் தொகுதியையே பாருங்கள். 2018-இல் பக்காத்தானின் அமானாவிடம் இருந்தது. 2022-இல் பல முனைப் போட்டியில் அம்னோ 5,166 ஓட்டில் பிடித்தது. 2024 செப்டம்பர் 28 இடைத்தேர்தலில் பக்காத்தான் ஒதுங்கி தேசிய முன்னணிக்கு ஆதரவு தந்தது. பெரிக்காத்தானுடன் நேரடிப் போட்டி. அம்னோ வேட்பாளர் 27,995, பெரிக்காத்தான் 7,347. பெரும்பான்மை 20,648. ஒரே தொகுதி, கூட்டணி மாறியதும் கணக்கு தலைகீழானது. ஆகவே சென்ற தேர்தல் முடிவை அப்படியே நகலெடுத்து அடுத்த தேர்தலுக்கு முடிவு சொல்பவரை நம்பாதீர்கள்.

ஜோகூர் 2022-இல் தேசிய முன்னணி பெற்றது ஏறக்குறைய 43 விழுக்காடு ஓட்டு. கிடைத்தது 56-இல் 40 தொகுதி. எதிரில் நின்றவர்கள் பல பக்கமாகப் பிரிந்ததே அதன் பெரிய காரணம். இன்னொரு காரணம், ஓட்டுப் போட வந்தவர்களே நூற்றுக்கு 55 பேர் அளவுதான். மக்கோத்தா இடைத்தேர்தலிலும் ஏறக்குறைய பாதிப் பேர்தான் வந்தார்கள்.

குளுவாங் நாடாளுமன்றத் தொகுதியில் இந்தியர்கள் ஏறக்குறைய பத்து விழுக்காடு. நெருக்கமான போட்டியில் முடிவை மாற்றக்கூடிய எண்ணிக்கை இது. ஆனால் நம் பிள்ளைகள் பலர் ஜோகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்பாவிட்டால் அந்தப் பத்து, தாளில் மட்டும்தான் பத்து.

புலனத்தில் வரும் கணக்கை நம்பாதீர்கள்

தேர்தலுக்கு முந்திய இரண்டு வாரத்தில் கைப்பேசிக்கு வரும் செய்திகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "உளவுத்துறை அறிக்கைப்படி இவர் 3,000 ஓட்டில் முன்னிலை." "அவருக்குப் போட்டால் வீண், இவருக்கு மட்டும்தான் வாய்ப்பு." யார் எடுத்த கணிப்பு, எத்தனை பேரிடம் எடுத்தது, எந்தத் தேதியில் என்பது இருக்காது. இப்படிப்பட்ட செய்தியைக் கிளப்புவது, ஓட்டுப் பிரிவதால் பயனடையும் தரப்பாகவே இருக்கலாம். ஒரே செய்தியை ஒரு தொகுதியில் ஒருவர் பெயரோடும் அடுத்த தொகுதியில் இன்னொருவர் பெயரோடும் மாற்றி அனுப்பினாலும் உங்களுக்குத் தெரியவா போகிறது?

உண்மையான தகவல் இருக்கும் இடம் வேறு. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு சாலுரானுக்கும் (வாக்களிப்பு வரிசைக்கும்) தனித்தனியாக ஓட்டு எண்ணப்பட்டுப் படிவம் 14-இல் எழுதப்படுகிறது. வேட்பாளர்களின் முகவர்கள் அதில் கையெழுத்திடுகிறார்கள். சாலுரான் பொதுவாக வயதுவாரியாகப் பிரிக்கப்படுவதால், மூத்தவர்கள் எப்படிப் போட்டார்கள், இளையவர்கள் எப்படிப் போட்டார்கள் என்பது கூட அதில் தெரியும். உங்களிடம் ஓட்டுக் கேட்டு வரும் கட்சிக்காரரிடம் கேளுங்கள்: "போன முறை நம் வட்டாரத்தில் ஒவ்வொரு சாலுரானிலும் உங்களுக்கு எவ்வளவு? இந்த முறை கூடுதல் ஓட்டு எங்கிருந்து வரும்?" பதில் சொல்லத் தெரிந்தவர் உழைத்திருக்கிறார். "அலை வீசுது" என்று மட்டும் சொல்பவரிடம் கணக்கு இல்லை.

இப்போதே செய்ய வேண்டியவை

ஒன்று. மைஎஸ்பிஆர் செமாக் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டு உங்கள் தொகுதியையும் வாக்குச்சாவடியையும் பாருங்கள். 18 வயது நிறைந்தவர்கள் இப்போது தானாகவே பதிவாகிறார்கள். ஆனால் அடையாள அட்டையில் உள்ள முகவரிக்குத்தான். தோட்டம் மூடிப் பட்டணத்துக்குக் குடிவந்த பல குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓட்டு இன்னும் பழைய இடத்திலேயே இருக்கலாம். முகவரியை முதலில் தேசியப் பதிவிலாகாவில் மாற்றுங்கள். பிறகு தேர்தல் ஆணையத்திடம் வாக்காளர் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். நாடாளுமன்றம் கலைந்த பிறகு ஓடினால் பயனில்லை.

இரண்டு. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அஞ்சல் ஓட்டு விதிகளை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு.

மூன்று. வேட்பாளர்கள் யார் யார் என்று வேட்புமனுத் தாக்கல் நாளில்தான் உறுதியாகும். அதுவரை எவருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்று எத்தனை முனைப் போட்டி என்று பாருங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: இவருக்குச் சென்ற முறை இந்தத் தொகுதியில் எவ்வளவு விழுந்தது? மற்ற இனத்தாரிடமும் இவருக்கு ஓட்டு இருக்கிறதா? வென்றால் எந்தக் கூட்டணியில் நிற்பார், அதை எழுத்தில் தருவாரா?

நான்கு. ஓட்டுக்குப் பணமோ பொருளோ கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் இரண்டு பக்கமும் பாயும்.

ஐந்து. வாக்குச்சீட்டில் ஒரே கட்டத்தில் ஒரே குறி. பெயர், கையெழுத்து, வசை எதையும் எழுதாதீர்கள். ஓட்டுச் செல்லாமல் போகும். உங்கள் ஓட்டு இரகசியமானது. யாருக்குப் போட்டீர்கள் என்று தோட்டத்து மேலாளராலும் கட்சிக் கிளைத் தலைவராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு பெரிய தலைவரை மாற்ற வேண்டும் என்று நினைத்தால், கோபத்தோடு மட்டும் வாக்குச்சாவடிக்குப் போகாதீர்கள். எண்ணைப் பாருங்கள், ஆளைப் பாருங்கள், அவர் நிற்கப்போகும் பக்கத்தைப் பாருங்கள். அண்டை வீட்டாரோடும் சீன, மலாய் நண்பர்களோடும் பேசி முடிவெடுங்கள். மாற்ற வேண்டாம் என்று நினைத்தாலும் வீட்டில் உட்கார்ந்துவிடாமல் வந்து போடுங்கள். ஆயர் ஹீத்தாமில் 303, பாகான் டத்தோவில் 348. இந்த இரண்டு எண்ணையும் குடும்பத்தில் எல்லாருக்கும் சொல்லுங்கள். ஓட்டுப் பதிவு நாளில் வீட்டில் ஓட்டுள்ள அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.